கண்ணிலிருந்து விரலுக்கு

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல் சராசரியாக 21 மில்லிமீட்டர் நீளம். அதன் முன்வேருக்குள் பெரும்பாலும் இரண்டு கால்வாய்கள் இறங்குகின்றன. முடிவை நெருங்கும்போது அவை பின்பக்கமாக வளைகின்றன. அந்த வளைவுக்குள் பல் மருத்துவர் முதலில் அனுப்பும், அரம் போன்ற மெல்லிய கருவியான 10-ஆம் எண் ஃபைலின் நுனி 0.10 மி.மீ. தடிமன் கொண்டது. வேர் சிகிச்சையில் மருத்துவரின் பார்வை பல்லின் மேல்திறப்போடு நின்றுவிடும். அதற்குக் கீழே நடப்பதை எக்ஸ்ரே ஓரளவு சொல்லும். ஆனால் எக்ஸ்ரே ஒரு நிழல்தான். வேர் முன்னோ பின்னோ வளைந்தால் காட்டும். கன்னத்தை நோக்கியோ நாக்கை நோக்கியோ வளைந்தால் மறைத்துவிடும். மற்ற எல்லாவற்றையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த அறிவு விரலுக்கு எங்கிருந்து வருகிறது? எனக்கு அது ஒரு சிறு கண்ணாடி நிற ரெசின் கட்டியிலிருந்து வந்தது. பல்லின் வடிவம்கூட அதற்குக் கிடையாது. வேர் சிகிச்சை கற்றுக்கொள்ளும் எல்லாருக்கும் செயற்கைப் பற்கள் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று இன்று நான் போகும் இடமெல்லாம் பேசுவதற்கு அந்தக் கட்டியே காரணம்.

பி.டி.எஸ். படித்த காலத்தில் நாங்கள் செயற்கைப் பல்லைப் பார்த்ததில்லை. பிடுங்கிய பற்களில்தான் பழகினோம். அவற்றைச் சேகரிப்பதே தனி வேலை. மூடியுள்ள பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றி, தெரிந்த கிளினிக்குகளில் கொடுத்து வைப்போம். "டாக்டர், கிரவுன் முழுசா இருக்குற மோலார் கிடைச்சா எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு வருவோம். "வர்றப்ப எடுத்து வைக்கிறேம்மா, அடுத்த வாரம் பாரு" என்பார் அவர். பாட்டில் நிறைந்து வரும். ஆனால் தேவைப்பட்ட பல் அதில் அபூர்வமாகத்தான் இருக்கும்.

ஏன் என்று பிறகு புரிந்தது. பற்கள் காரணமில்லாமல் பிடுங்கப்படுவதில்லை. ஈறு நோயால் ஆடிப்போன முன்பற்கள் ஏராளமாக வரும். வயதானவர்களின் பற்கள் என்பதால் உள்ளே கால்வாய் சுருங்கி, நூல் நுழைய இடமில்லாமல் இருக்கும். கிளிப் போடுவதற்காகப் பிள்ளைகளுக்கு எடுத்த சிறு கடைவாய்ப் பற்கள் வரும்; அவை அழகானவை, கால்வாய் அகலமானது, பழகுவதற்கு மிக எளிது. ஞானப்பற்கள் வரும், அவற்றின் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எந்தப் பாடப் படத்துக்கும் பொருந்தாமல் இருக்கும். நோயாளிகளுக்கு அதிகம் வேர் சிகிச்சை தேவைப்படும் முதல் கடைவாய்ப் பல் வந்தால், அதன் மேற்பகுதியைச் சொத்தை முழுக்க அரித்திருக்கும். எதில் பழக வேண்டுமோ அது எங்கள் பாட்டிலுக்கு வரவே இல்லை.

லேப் அண்ணன் பற்களைப் பிளாஸ்டர் கட்டியில் பதித்துத் தருவார். வெற்றிலைக் கறை ஏறிய பல் ஒன்று, தேய்ந்து தட்டையான பல் ஒன்று என்று கட்டிகள் வரிசையாக மேசையில் இருக்கும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வலித்து, பொறுத்து, பிறகு இழந்தது என்ற நினைவு எனக்கு எப்போதும் இருந்தது. அந்தப் பற்களிடம் எனக்கு மரியாதை உண்டு. எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் இறங்கும் பர் என்ற துளையிடும் முனை, கூழ் அறையின் கூரையை உடைத்ததும் சட்டென்று கீழே விழும் உணர்வை அவைதான் கற்றுக் கொடுத்தன. ஆனால் அதற்குக் கீழே அவை பேசவில்லை. ஃபைல் ஏதோ ஓர் ஆழத்தில் நிற்கும். டார்க் ரூமில் ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், ஃபைலின் நுனி வேரின் முடிவுக்கு 3 மி.மீ. முன்னாலேயே நின்றிருக்கும். "லென்த் போயிடுச்சு" என்று சொல்லிக்கொள்வோம். ஏன் போனது? மரத்தூள் போலத் திரண்ட டென்டின் துகள் அடைத்ததா, வளைவின் சுவரில் ஃபைல் ஒரு படியை வெட்டிவிட்டதா, கால்வாயே அங்கே பிரிகிறதா? அந்தப் பல்லை உடைத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது. உடைத்தால் மதிப்பெண் போகும். காரணம் தெரியாமலேயே அடுத்த பல்லுக்குப் போனோம்.

எம்.டி.எஸ். சேர்ந்த முதல் மாதங்களில் எங்கள் பேராசிரியர் ஆளுக்கொரு ரெசின் கட்டியைக் கையில் வைத்தார். தீப்பெட்டியை விடச் சிறியது, நீள்சதுரம், முழுக்க ஒளி ஊடுருவும். நடுவில் ஒரே ஒரு கால்வாய். மேலே அகன்ற வாய், பாதிவரை நேராக இறங்கி, கீழே ஒரு பக்கமாக வளைந்து முடியும். வளைத்த மெல்லிய கம்பியைச் சுற்றி ரெசினை ஊற்றி, இறுகியதும் கம்பியை உருவி எடுத்து இப்படிப்பட்ட கட்டிகளை ஒரு காலத்தில் கையாலேயே செய்தார்களாம். மேடம் ஒரு சிரிஞ்சில் நீல மை எடுத்து உள்ளே செலுத்தினார். கால்வாய் முழுவதும் நீலக் கோடாகத் தெரிந்தது. ஃபோட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். "வேலை முடிஞ்சதும் செவப்பு மை விட்டு இன்னொரு ஃபோட்டோ. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாருங்கப்பா. நீங்க கெனாலுக்கு என்ன செஞ்சீங்கன்னு அதுவே சொல்லும்."

சொன்னது. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, வகுப்பில் எல்லாருடைய கட்டிகளிலும் ஒரே செய்தி இருந்தது. வளைவின் உட்பக்கம் நடுவில் அதிகம் தேய்ந்திருந்தது. நுனியில் மட்டும் வெளிப்பக்கம் அதிகம் வெட்டப்பட்டிருந்தது. நடுவில் ஓர் இடுக்கு, அதற்குக் கீழே விரிந்த கண்ணீர்த்துளி வடிவம். ஸ்டீல் ஃபைல் நேராக இருக்க விரும்பும் உலோகம். 10, 15 எண்கள் மெலிவால் வளைந்து கொடுக்கும். 25, 30 என்று தடிமன் கூடக் கூட விறைப்பு பல மடங்கு ஏறி, ஃபைல் கால்வாயின் வழியை விட்டுத் தன் வழியில் வெட்டத் தொடங்கும்.

1975-இல் அமெரிக்காவில் ஃபிராங்க்ளின் வெயினும் அவருடைய கூட்டாளிகளும் இதே போன்ற தெளிந்த ரெசின் கட்டிகளில்தான் இந்த நடத்தையை முறையாகக் காட்டினார்கள். அந்த இடுக்கையும் அந்த விரிவையும் உலகமெங்கும் பல் மருத்துவர்கள் இன்றும் அவர்கள் வைத்த பெயர்களால்தான் அழைக்கிறார்கள். அதுவரை வளைந்த கால்வாயை ஒழுங்காகச் சுத்தம் செய்கிறோம் என்று நம்பியவர்களுக்கு, உண்மையில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டியது ஒரு செயற்கைக் கால்வாய். 1988-இல் வாலியா, பிரான்ட்லி, கெர்ஸ்டீன் என்ற மூவர் பற்களைச் சீராக்கப் பயன்படும் நிக்கல் டைட்டானியம் கம்பியிலிருந்து ஃபைல் செய்து, அது ஸ்டீலை விட இரண்டு மூன்று மடங்கு வளைந்து கொடுக்கிறது என்று எழுதினார்கள். இன்று மோட்டாரில் சுழலும் ஃபைல்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. புதிதாக வந்த ஃபைல்கள் எத்தனையோ இப்படிப்பட்ட கட்டிகளுக்குள் நுழைந்துதான் தங்கள் நடத்தையைக் காட்டின.

ஆனால் என்னை மாற்றியது மை இல்லை. மேடம் அடுத்த நாள் கொடுத்த பயிற்சி. கட்டியைக் கறுப்பு டேப்பால் சுற்றச் சொன்னார். இப்போது உள்ளே ஒன்றும் தெரியாது. ஃபைலைச் செருகி, பழைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இறங்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நின்று, நுனி எங்கே இருக்கிறது, எதன் மேல் நிற்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு டேப்பை உரித்துப் பார்க்க வேண்டும்.

"எங்க நிக்குது?"

"வளைவு ஆரம்பத்துல, மேடம்."

"என்ன தெரியுது விரல்ல?"

"கெட்டியா நிக்குது. திருகினா வழுக்கலை."

"கெட்டியா நிக்குதா, கவ்வி நிக்குதா? ரெண்டும் வேற. ஃபைலை மெதுவா மேல இழு. விட மறுத்தா அது கவ்வுது, ரெண்டு பக்கமும் சுவர் இருக்கு, வழி சரி. இழுத்தா லேசா வந்துடுச்சுன்னா அது வெறும் படியில முட்டிக்கிட்டு நிக்குது. வெளிய எடு, நுனியை வளை, வளைச்ச பக்கத்தை ரப்பர் ஸ்டாப்பர்ல குறிச்சுக்க, அந்தத் திசையில தேடு."

டேப்பை உரித்தால், அவர் சொன்ன இரண்டில் ஒன்று கண்ணெதிரே இருக்கும். விரல் உணர்ந்ததைக் கண் சரிபார்க்கும். மறுபடி சுற்றினால், அதே உணர்வு வரும்போது விரல் தானாகச் சொல்லும். அடைத்த துகள் மீது நிற்பது கொஞ்சம் பஞ்சுபோல இருக்கும். வெட்டிய படியில் நிற்பது பட்டென்று முட்டும். சரியான வழியில் இறங்குகிற ஃபைல் இரு பக்கமும் மெல்ல உரசிக்கொண்டே போகும். இவற்றை எழுதி விளக்க முடியாது. பார்த்தபடியே தொட்டு, தொட்டபடியே பார்த்தால்தான் வரும். ஒளி புகாத பல்லில் இந்தப் பரிமாற்றம் நடக்கவே முடியாது. விரல் உணர்ந்தது சரியா தவறா என்று அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை.

மருந்து விடுவதையும் அதே கட்டிதான் கற்றுக்கொடுத்தது. கால்வாயைச் சுத்தம் செய்யச் சோடியம் ஹைப்போகுளோரைட் பயன்படுத்துகிறோம். செத்த திசுவைக் கரைக்கும், கிருமியைக் கொல்லும். அதே திரவம் வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் போனால், நோயாளிக்குத் தாங்க முடியாத வலியும் முகம் முழுக்க வீக்கமும் வரும். மேடம் சிரிஞ்சில் வெறும் தண்ணீரை எடுத்து, ஊசியைக் கால்வாயில் இறுக்கிச் செருகி, பிஸ்டனைக் கட்டைவிரலால் அழுத்தினார். கட்டியின் அடியிலிருந்து துளி சொட்டியது. பிறகு ஊசியைத் தளர்வாக வைத்து, ஆள்காட்டி விரலால் மெதுவாக அழுத்தினார். தண்ணீர் மேல்வழியாகத் திரும்பி வந்தது, அடியில் ஒன்றும் இல்லை. "அந்தத் துளிதான் நோயாளியோட வீக்கம்" என்றார். பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்திருந்த எச்சரிக்கை அன்று முதல் என் ஆள்காட்டி விரலில் இருக்கிறது.

ரெசின் சொல்லாதவையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த நன்றி அரைகுறையாகிவிடும். ரெசின் டென்டினை விட மென்மையானது. அதில் எளிதாக வெட்டிப் பழகிய கை, உண்மையான பல்லில் சோர்ந்துபோகும். மோட்டார் ஃபைல் வேகமாகச் சுழன்றால் அந்த வெப்பத்தில் ரெசின் இளகி ஃபைலைப் பற்றிக்கொள்ளும், ஃபைல் முறியும். டென்டின் அப்படிச் செய்யாது, அது வேறு காரணங்களால் முறிக்கும். ஹைப்போகுளோரைட்டுக்குக் கரைக்க அங்கே திசு இல்லை. கால்வாயின் முடிவை மின்தடையை வைத்துக் கண்டுபிடிக்கும் அபெக்ஸ் லொகேட்டருக்கு ஒரு கொக்கி ஃபைலிலும் இன்னொன்று உதட்டிலும் இருக்க வேண்டும். வெறும் ரெசின் கட்டிக்கு உதடு ஏது? நாக்கு நகராது, எச்சில் ஊறாது, கன்னம் கண்ணாடியை மறைக்காது. அதனால்தான் அடுத்த கட்டமாகச் செயற்கைப் பற்களை ஃபாண்டம் ஹெட்டின் தாடையில் பொருத்தி, குனிந்து, கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்து வேலை செய்யப் பழக்குகிறார்கள். 1894-இல் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் அந்தப் பயிற்சித் தலையைக் கொண்டுவந்ததிலிருந்து, பல் மருத்துவ மாணவரின் முதுகும் கழுத்தும் அதன் முன்தான் வேலைக்குப் பழகுகின்றன.

பிறகுதான் மனிதர்கள். வளைந்த கால்வாயுள்ள கடைவாய்ப் பல்லோடு என்னிடம் வந்த முதல் நோயாளிகளில் ஓர் அம்மா இருந்தார், பூக்கட்டி விற்பவர். இரவெல்லாம் தூங்கவில்லை. "புடுங்கிடு கண்ணு, எனக்கு உக்காந்து உக்காந்து பாக்க நேரமில்லை" என்றார். "இது நல்ல பல்லும்மா, மெல்றதே இதுலதான். ரெண்டு மூணு தடவை வாங்க, காப்பாத்திடலாம்" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

முன்வேரின் கால்வாயில் ஃபைல் பாதியில் நின்றது. மேலே இழுத்தேன், லேசாக வந்தது. அது கவ்வல் இல்லை என்று விரல் சொன்னது. வெளியே எடுத்து, நுனியை வளைத்து, ஸ்டாப்பரில் திசை குறித்து, சுவரைத் தடவிக்கொண்டே தேடினேன். ஓரிடத்தில் நுனி சற்று இறங்கியது. மெல்லிய உரசல், இரு பக்கமும். எக்ஸ்ரேயில் நுனி சரியான இடத்தில் இருந்தது. மறுமுறை வந்தபோது அந்த அம்மா, நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். நான் செய்தது பெரிய சாதனை இல்லை. தினமும் நூற்றுக்கணக்கான இடங்களில் நடப்பதுதான். ஆனால் அந்த ஒரு கணத்தில் என் விரலுக்கு விடை தெரிந்திருந்தது. அந்த விடையை அது ரெசினில் கற்றுக்கொண்டு வந்திருந்தது. அவருடைய பல்லில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

இப்போது நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் மேசையில் இன்று வேறு வகைப் பற்கள் வந்துவிட்டன. உண்மையான ஒரு பல்லை நுண் சி.டி. ஸ்கேனில் அடுக்கடுக்காகப் படமெடுத்து, அதன் உட்குடைவு உட்பட அப்படியே முப்பரிமாண அச்சில் வார்த்த நகல் பற்கள். இவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஸ்விட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ் நினைவுக்கு வருகிறார். நூறாண்டுகளுக்கு முன் அவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்திக் கெட்டிப்படுத்தி, பிறகு பல்லைக் கரைத்து நீக்கினார். எஞ்சி நின்றது கால்வாயின் வடிவம் மட்டும்: கிளைகள், குறுக்கு இணைப்புகள், வேர் நுனியில் பல வாய்கள். வேருக்குள் ஒரு நேர்க்குழாய் இருக்கிறது என்ற எண்ணத்தை அந்த ரப்பர் உருவங்கள் உடைத்தன. 1925-இல் அவருடைய ஆய்வு ஆங்கிலத்தில் நூலாக வந்தது. ஹெஸ் பல்லை இழந்து உட்குடைவைப் பெற்றார். இன்றைய அச்சு, உட்குடைவைக் கணினியில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிப் பல்லைக் கட்டுகிறது. அவருக்கு ஒரே ஒரு முறை கிடைத்த வடிவத்தை, இன்று எத்தனை மாணவர்களுக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பிடுங்கிய பல்லில் தேர்வு வைத்தால், ஒருவருக்கு அகன்ற நேர்க் கால்வாய் வரும், பக்கத்து இருக்கைக்காரருக்குச் சுண்ணாம்பு ஏறிச் சுருங்கிய வளைவு வரும். இருவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது எப்படி? அச்சுப் பல்லில் எல்லாருக்கும் ஒரே வளைவு, ஒரே நீளம். மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் பலரும் தவறவிடும் நான்காவது கால்வாயை வகுப்பு முழுவதும் ஒரே நாளில் தேடலாம். அதுமட்டுமல்ல, கிருமித் தொற்றுப் பயமில்லை. யாரிடமும் பாட்டிலோடு போய் நிற்க வேண்டியதில்லை. பற்களைக் காப்பாற்றும் மருத்துவம் வளர வளரப் பிடுங்கும் பற்கள் குறையும். அது நல்ல செய்தி, அதற்கேற்பப் பயிற்சியும் மாற வேண்டும்.

ஆனாலும் பல இடங்களில் இந்தப் பற்களைத் தேர்வுக்கு என்று எண்ணி வாங்குகிறார்கள். மாணவர் கையில் வந்ததும் "வீணாக்கிடாதே" என்பதே முதல் அறிவுரை. நான் என் மாணவர்களிடம் சொல்வது நேர்மாறானது. "இதை வீணாக்கத்தான் வாங்கியிருக்கோம். வேணும்னே படி வெட்டிப் பாருங்க. வேணும்னே அடைச்சுப் பாருங்க. அது விரல்ல எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க." தவறு நடக்கும்போது கை எப்படி உணரும் என்று தெரியாதவருக்கு, அது தொடங்கும் கணத்தில் நிறுத்தத் தெரியாது. அந்தப் பாடத்தை எங்காவது கற்றுத்தான் ஆக வேண்டும். ரெசினில் கற்றால் விலை ஒரு கட்டி. நோயாளியிடம் கற்றால் விலை அவர் ஆயுள் முழுவதும் மென்று தின்ன வேண்டிய பல்.

எனவே எங்கள் துறையில் ஒரு வரிசையைக் கடைப்பிடிக்கிறோம். முதலில் தெளிந்த கட்டி, பிறகு டேப் சுற்றிய கட்டி. அடுத்து ஃபாண்டம் ஹெட்டில் ஒளி புகாத நகல் பல். அதன்பின் பிடுங்கிய இயற்கைப் பல், ஏனென்றால் டென்டினின் கடினமும் கால்வாய்களின் எண்ணற்ற வகைகளும் இன்னும் அங்கேதான் முழுமையாக இருக்கின்றன. கடைசியில்தான் நாற்காலியில் வாய் திறந்து உட்கார்ந்திருக்கும் மனிதர். டேப்பை உரிக்காமலே நுனி எங்கே நிற்கிறது என்று தொடர்ந்து சரியாகச் சொல்லும்வரை மாணவரை அடுத்த படிக்கு அனுப்புவதில்லை. சிலருக்கு இதற்குச் சில நாள் போதும், சிலருக்கு ஒரு பருவம் ஆகும். எவ்வளவு ஆனாலும் காத்திருக்கிறோம். கட்டிகள் தீர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம்.